மூன்று புள்ளியிட்ட திருகாணி

கழல மறுக்கும் திருகாணியைக் கழற்றும் முறைபற்றி ஒரு பக்கம் எழுதித் தருமாறு சென்ற மாதம் சுரேஷ் கேட்டுக்கொண்டார். பிரிக்பீல்ட்ஸில் நான் நாற்பத்தைந்து ஆண்டுகள் பணியாற்றிய துப்பாக்கி பழுதுபார்க்கும் கடைக்கு இன்று அவர்தான் பொறுப்பாளர். இப்போது வரும் துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றுக்கு, இரும்பைத் தாங்கித் தோளில் அணையும் கட்டை பிளாஸ்டிக். திருகாணியை எவ்வளவு இறுக்குகிறோம் என்பதை எண்ணில் காட்டும் கருவியும் வந்துவிட்டது. எப்போதாவது ஒரு பழைய மரக்கட்டைத் துப்பாக்கி வந்தால் பணியாளர்கள் திகைத்துப்போகிறார்களாம்.

"ஒரு பேஜ் போதும் லா அண்ணே. கடையில இருந்தப்ப லீவு லெட்டரே நீங்க மூணு பக்கம் எழுதினீங்க" என்றார்.

அந்த ஒரு பக்கத்தை எழுத மூன்று முறை அமர்ந்தேன். மூன்று முறையும் ஒரே திருகாணிதான் என் பேனாவின் முன் வந்து நின்றது. அதைச் சொல்லாமல் முறையை மட்டும் எழுதுவது நேர்மையாகாது என்று தோன்றியதால், சுரேஷின் பொறுமையை மீண்டும் சோதிக்கத் துணிந்தேன்.

என் பள்ளிப் படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. இருபதாம் வயதில் அந்தக் கடையில் சேர்ந்தேன். முதல் சில மாதங்களில் எண்ணெய்த் துணி துவைத்ததையும் அரத்தால் இரும்பு தேய்த்ததையும் தவிர எழுதத்தக்கது ஒன்றுமில்லை. ஆனால் மாஸ்டர் நவரத்தினத்தைப் பற்றி எழுதாமல் இருக்க இயலாது.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். மெலிந்த உடல். வெள்ளை அரைக்கைச் சட்டையில் ஒருநாளும் கறை பட்டு நான் பார்த்ததில்லை. குரலை உயர்த்த மாட்டார். நாம் செய்து வைத்த வேலையில் குறை இருந்தால், அதை ஒற்றை விரலால் மேசையின் மறுபுறம் நம்மை நோக்கித் தள்ளிவிடுவார். என்ன குறை என்று சொல்லமாட்டார். அதை நாமே கண்டுபிடிக்க வேண்டும். ஒருமுறை அவ்வாறு தள்ளப்பட்ட ஒரு பூட்டை நான் இரண்டு நாட்கள் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிவில் "மாஸ்டர், எனக்குத் தெரியவில்லை" என்றேன். "இப்பதான் நீர் வேலைக்கு வந்திருக்கிறீர்" என்று மட்டும் சொன்னார்.

அவர் வகுத்த வழக்கங்களில் இரண்டை இங்கே குறிப்பிட வேண்டும்.

முதலாவது, எந்தத் துப்பாக்கி கைக்கு வந்தாலும் தாழைத் திறந்து, குண்டு அமரும் இடத்தில் சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பார்த்து, "காலி" என்று உரக்கச் சொல்ல வேண்டும். அறையில் இருக்கும் மற்றொருவர் தாமும் பார்த்துவிட்டு "காலி" என்று மறுமொழி சொல்ல வேண்டும். தனியாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். மாஸ்டர் மறைந்த பின்னும் நான் தனியறையில் "காலி" என்று சொல்லிவிட்டு ஒரு கணம் நிற்பேன். மறுமொழிக்காக நிற்கிறேன் என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே உணர்ந்தேன்.

இரண்டாவது, புதிய திருகாணி ஒன்றைப் பொருத்தும்போது அதன் நுனியில், வெளியே தெரியாத இடத்தில், யார் பொருத்தினார் என்பதற்கான புள்ளியைக் குத்தியாக வேண்டும். மாஸ்டருக்கு ஒரு புள்ளி. அவருக்கு அடுத்த பணியாளருக்கு இரண்டு. எனக்கு மூன்று. வாடிக்கையாளர் ஒருபோதும் அதைக் காணமாட்டார். "ஆணியைத் திரும்பக் கழட்டுறவனுக்குத்தான் அது. அவன் யாரைத் திட்ட வேணும் எண்டு அவனுக்குத் தெரிய வேணும்" என்பார் மாஸ்டர். அவர் வேடிக்கையாகச் சொன்னதாக எனக்கு நினைவிருப்பது இது ஒன்றுதான்.

இனி அந்தத் துப்பாக்கிக்கு வருகிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்கள் முன்பு, கிள்ளானிலிருந்து சிவலிங்கம் என்பவர் வந்தார். ஐம்பத்தெட்டு வயதிருக்கும். தம் பெயருக்கு மாற்றப்பட்ட உரிமத்தை நீட்டினார். நீண்ட துணிப்பையை மேசைமேல் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டார். உள்ளே சிறுகுண்டு ரைபிள் ஒன்று இருந்தது. அவருடைய தந்தையார் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கராக, இருந்த காலத்தில் குரங்கையும் பன்றியையும் விரட்ட வாங்கியது.

"கட்டைய மட்டும் மாத்திக் குடுங்க அண்ணே. பழைய கட்ட எனக்கு வேணாம், எரிச்சிடுங்க."

கட்டையில் விரிசல் இல்லை, புழு அரிக்கவுமில்லை. எதற்காக மாற்ற வேண்டும் என்று கேட்டேன். அதைத் தொட்டால் கை நடுங்குகிறது என்றார். பிறகு, நான் கேளாமலே, நின்றபடியே சொன்னார்.

அப்போது அவருக்குப் பதினான்கு வயது. அண்ணனுக்குப் பதினெட்டு. தந்தையார் ஊரில் இல்லாத ஒருநாள், மழை விட்ட பின், குரங்கு விரட்ட இருவரும் புறப்பட்டிருக்கிறார்கள். அண்ணன் முன்னே நடக்க, தம்பி துப்பாக்கியுடன் பின்னே நடந்திருக்கிறார். வழியில் ஒரு வாய்க்கால். அண்ணன் தாண்டினார். தம்பியும் தாண்டிக் குதித்தார். கால் தரையில் பட்ட அதே கணத்தில் துப்பாக்கி வெடித்தது. அண்ணன் எழவில்லை.

"வெசையில வெரல் வைக்கலன்னு அன்னிக்கே சொன்னேன். போலீஸ்கிட்ட சொன்னேன், அப்பாகிட்ட சொன்னேன், அம்மாகிட்ட சொன்னேன். துப்பாக்கிய சோதிச்சாங்க, நல்லாத்தான் இருக்குன்னுட்டாங்க. சின்னப் பையன் தெரியாம அழுத்திட்டான்னு எழுதி முடிச்சிட்டாங்க. இப்ப எனக்கே தெரியல அண்ணே, வச்சேனா வைக்கலயான்னு."

பறிமுதலான துப்பாக்கி எவ்வாறு தந்தையாரிடம் திரும்பி வந்தது என்பதை நான் கேட்கவில்லை. தந்தையார் அதை இரும்புப் பேழையில் பூட்டி வைத்து, உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பித்து, சாகும் தறுவாயில் "போலீஸ்ல குடுத்துடாத, நீயே வச்சிக்க" என்று மட்டும் மகனிடம் சொல்லியிருக்கிறார். காரணம் சொல்லவில்லை. தாயார் இன்னும் இருக்கிறார்.

"அம்மா ஒரு வார்த்த திட்டினதில்ல. ஆனா அண்ணன் தெவசத்துக்கு மட்டும் என்னைய வெளக்கு ஏத்த விட மாட்டாங்க. என் மகன்தான் ஏத்துவான். நான் நெலைப்படியில நிப்பேன். நாப்பத்தி நாலு வருசம் அங்கயேதான் நிக்கிறேன்."

அப்போது நான் ஒரு வார்த்தை சொன்னேன். அதை இன்றும் திரும்பப் பெற விரும்புகிறேன். எங்கள் தொழிலில் எல்லாரும் சொல்வதைத்தான் சொன்னேன்: "துப்பாக்கி தானா சுடாது சார்."

அவர் தலையை ஆட்டிவிட்டு ரசீதை வாங்கிக்கொண்டு போனார்.

எங்கள் வேலையறை கம்பிக் கதவிட்ட, சன்னல் இல்லாத ஓர் அறை. சாவி ஒன்று என்னிடம், மற்றது முதலாளியிடம். பின்சுவருக்கு அப்பால் இரயில் பாதை. கனத்த இரயில் போகும்போது மேசைமேலிருக்கும் தண்ணீரில் வளையங்கள் எழும். முதல்நாள் பிற்பகல், மழை ஓய்ந்த வேளையில், துப்பாக்கியை எடுத்துச் சோதித்தேன். சுண்டுவிரலை விட்டேன். "காலி" என்றேன். தாழை மூடி, குண்டைத் தட்டி வெடிக்கவைக்கும் ஊசியைப் பின்னுக்கிழுத்து ஏற்றி நிறுத்தி, துப்பாக்கியைப் பிடிகருவியில் வைத்துவிட்டுப் பதிவேட்டில் எழுத முதுகைத் திருப்பினேன்.

'டக்' என்றது.

ஊசி விழும் ஓசையை என்னால் தூக்கத்திலும் அடையாளம் காண முடியும். திரும்பினேன். கதவு பூட்டியிருந்தது. ஊசி விழுந்திருந்தது. நான்தான் சரியாக ஏற்றவில்லை போலும் என்று என்னையே குறை கூறிக்கொண்டேன்.

மறுநாளும் மழை. மீண்டும் ஏற்றி வைத்து, இம்முறை அதன் எதிரே நாற்காலியில் அமர்ந்தேன். ஓர் இரயில் போயிற்று. ஒன்றும் நிகழவில்லை. அடுத்ததும் போயிற்று, ஓசை தேய்ந்து மறைந்தது, தண்ணீர் அசைவற்று நின்றது. அதன் பின்னரே 'டக்' என்றது. என் கண் விசைமேல்தான் இருந்தது. விசை மயிரிழையும் அசையவில்லை. யாரோ உள்ளேயிருந்து அழுத்தியதைப் போல ஊசி மட்டும் விழுந்தது. கதவைத் திறந்து வைத்துவிட்டுத்தான் தேநீர் குடித்தேன்.

காரணம் எதுவாயினும் கட்டைக்கு உள்ளேதான் இருக்கிறது. கட்டையைக் கழற்றினால் தெரிந்துவிடும் என்று எண்ணினேன். கட்டையை இரும்போடு இணைப்பவை கீழிருந்து மேலேறும் இரண்டு திருகாணிகள். முன்னது எளிதில் வந்துவிட்டது. விசைக்குப் பின்னால் இருந்தது அசையவில்லை.

சுரேஷ் கேட்ட முறை இதுதான். முதலில் தலையிலுள்ள பிளவை ஊசியால் சுரண்டி அழுக்கு நீக்க வேண்டும். பிளவின் நீளத்துக்கும் தடிப்புக்கும் சரியாகப் பொருந்தும் திருப்புளி வேண்டும். முனை ஆப்புபோல் சரிந்திருந்தால் நழுவித் தலையைச் சிதைத்துவிடும். இருபுறமும் சமமாகத் தேய்த்திருக்க வேண்டும். துரு நீக்கும் எண்ணெய் ஒரு துளி விட்டு ஒருநாள் காத்திருக்க வேண்டும். பிறகு, ஈயம் பற்றவைக்கும் கோலைச் சூடாக்கித் தலையின் நடுவில் மட்டும் வைத்து, மரம் கருகாமல் சூடேற்ற வேண்டும். சிறு சுத்தியலால் திருப்புளியின் தலையில் மெதுவாகத் தட்ட வேண்டும். கழற்றுவதற்கு முன் ஒரு மயிரளவு இறுக்க வேண்டும். பிடிப்பு முதலில் உடைவது இறுக்கும்போதுதான்.

திருப்புளிக்காக என் பெட்டியைத் துழாவினேன். புதியவை ஒன்றும் பொருந்தவில்லை. ஒன்றைத் தேய்த்தே ஆக வேண்டும் என்றிருந்த நிலையில், அடியில் கிடந்த மிகப் பழைய ஒன்றை, முதலாண்டில் நானே தேய்த்துச் செய்ததை, எடுத்துப் பிளவில் வைத்தேன். இடைவெளி இல்லாமல் அமர்ந்தது. தற்செயல் என்று எண்ணிக்கொண்டேன்.

நான்காம் நாள் சூடேற்றினேன். ஒரு வாசனை எழுந்தது. அரக்கு. திருகாணி தளராதிருக்கப் புரியில் அரக்குத் தடவுவது ஒரு பழைய குறுக்குவழி. மாஸ்டர் அதை வெறுத்தார். அவருடைய கடையில் அதைச் செய்தவன் ஒருவன்தான் உண்டு. அவனும் முதலாண்டோடு நிறுத்திக்கொண்டான்.

ஊசியை ஏற்றிவிட்டு, ஒரு மயிரளவு இறுக்கினேன். 'டக்'.

பிறகு இடப்புறம் திருப்பினேன். கிறீச்சென்ற ஒலியுடன் பிடிப்பு உடைந்தது. சுற்றுச் சுற்றாகத் திருகாணி வெளியே வந்தது. துணியில் துடைத்து, பூதக்கண்ணாடியின் கீழ் அதன் நுனியைப் பிடித்தேன். ஒருபுறம் கண்ணாடிபோல் மெருகேறியிருந்தது. ஊசியைப் பிடித்து நிறுத்தும் இரும்பு நாக்கில் இத்தனை காலம் உராய்ந்த இடம் அது. அதற்கு அருகில், முக்கோணமாக, மூன்று புள்ளிகள்.

அந்நேரத்தில் எல்லாம் நினைவுக்கு வந்தது. மாஸ்டர் முதன்முதலாக என்னைத் தனியே செய்யச் சொன்ன வேலை. ஒரு கிராணியாரின் ரைபிள். பழைய திருகாணியின் தலை சிதைந்திருந்தது. பெட்டியில் தேடி ஒன்றை எடுத்தேன். முதல் தனி வேலை என்ற பெருமையில், பொருத்திப் பார்ப்பதற்கு முன்பே என் மூன்று புள்ளிகளைக் குத்திவிட்டேன். மிக நேர்த்தியாக விழுந்தன. அதன் பிறகுதான் திருகாணி இரண்டு புரி கூடுதல் நீளம் என்று கண்டேன். நுனியை அரத்தால் தேய்த்துக் குறைக்க வேண்டும். குறைத்தால் புள்ளிகள் அழிந்துவிடும். அவ்வளவு நேர்த்தியாக இன்னொரு முறை விழுமா என்று தயங்கினேன். விழாது என்றே நினைத்தேன். அப்படியே பூட்டி, ஏற்றி, மரச்சுத்தியலால் பத்து முறை தட்டிச் சோதித்தேன். ஊசி விழவில்லை. வெயில் காலம் அது, மரம் காய்ந்திருந்தது. மழையில் மரம் உப்பும்போது திருகாணி இழுபட்டு, அதன் நுனி நாக்கை நெருங்கி, ஓர் அதிர்ச்சி போதும் என்ற நிலை வரும் என்பது எனக்குத் தெரியாது. மாஸ்டர் வேலையைப் பார்த்தார்; மேசையில் திருப்பித் தள்ளவில்லை. அன்றைக்கு நான் அடைந்த மகிழ்ச்சி இன்றும் நினைவிருக்கிறது.

என் வலக்கைக்கு அருகில் ஓர் அரம் கிடந்தது. மூன்று இழுப்பு போதும். புள்ளிகள் இருக்காது. நீளமும் இருக்காது. புதிய கட்டை பொருத்தித் தந்துவிட்டால் அந்தத் துப்பாக்கி இனி ஒருநாளும் தானே விழாது. சிவலிங்கம் நிலைப்படியில் நின்றுகொண்டே இருப்பார். அரத்தைக் கையில் எடுத்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. எவ்வளவு நேரம் வைத்திருந்தேன் என்று தெரியாது. பிறகு அதை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டு, அவரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

மறுநாள் பிற்பகலும் மழைதான். பழைய கட்டையைப் பழைய திருகாணியாலேயே முன்பிருந்த ஆழத்துக்குப் பூட்டி வைத்திருந்தேன். அவர் அறைக்குள் வரத் தயங்கினார். சுண்டுவிரலை விட்டுப் பார்த்து "காலி" என்றேன். அவரையும் பார்க்கச் சொன்னேன். விரலை விட்டுப் பார்த்தார். "காலி" என்றார். ஊசியை ஏற்றினேன். நாங்கள் இருவரும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு எதிரே அமர்ந்தோம்.

முதல் இரயிலுக்கு ஒன்றுமில்லை. இரண்டாவதற்கும் இல்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது வந்து, வளையங்கள் எழுந்து, அடங்கின.

'டக்'.

அவர் தம் இரு கைகளையும் தூக்கிப் பார்த்தார். உள்ளங்கையையும் புறங்கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் தொடல" என்றார். என்னிடம் சொன்னதாகத் தெரியவில்லை. "தொடலன்னு சொன்னேன்."

திருகாணியைக் கழற்றி, அதன் நுனி நாக்கில் உராய்ந்த இடத்தைக் காட்டினேன். அந்த ஆணியை யார் போட்டது என்று கேட்டார். பூதக்கண்ணாடியை அவர் பக்கம் நகர்த்தி, புள்ளிகளைக் காட்டி, அவை யாருடையவை என்று சொன்னேன். அவர் என்னை அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார்.

"எங்கிட்ட சொன்னது போதாது அண்ணே. அம்மாகிட்ட வந்து சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நாப்பத்தி நாலு வருசமா நான்தானே சொல்லிக்கிட்டு இருக்கேன்."

அந்தச் சனிக்கிழமை காலையில் இரயிலேறிக் கிள்ளானுக்குப் போனேன். திருகாணியைக் கைக்குட்டையில் மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். நிலையத்தில் காத்திருந்த சிவலிங்கம் காரில் அழைத்துச் சென்றார்.

தாயார் பிரம்பு நாற்காலியில் அமர்ந்திருந்தார். வயது எண்பத்தாறு. பார்வை மங்கிவிட்டது, காது கூர்மை. எதிர்ச் சுவரில் இரண்டு படங்கள்: கிராணியார், பள்ளிச் சீருடையில் ஓர் இளைஞர். சிவலிங்கம் பூசையறை நிலைப்படியில் போய் நின்றுகொண்டார். அந்த இடத்தில் தரை ஓடு தேய்ந்திருந்ததாக எனக்குத் தோன்றியது.

நான் யார் என்பதையும், என்ன செய்தேன் என்பதையும், அது எவ்வாறு நிகழ்ந்திருக்கும் என்பதையும் சொன்னேன். எழுதி மனப்பாடம் செய்து போயிருந்தேன். பாதியில் மறந்துவிட்டது. புள்ளிகள் அழிந்துவிடுமே என்று குறைக்காமல் விட்டேன் என்பதை மட்டும் வாய்க்குள்ளேயே சொன்னேன். இரண்டாம் முறை சொல்ல நேர்ந்தது.

"மழ பேஞ்சா மரம் உப்புமா?" என்று கேட்டார் அம்மா.

"உப்பும்மா."

"அன்னிக்குக் காலையில நல்ல மழ" என்றார். "துணி காயல."

கையை நீட்டினார். கைக்குட்டையைப் பிரித்துத் திருகாணியை உள்ளங்கையில் வைத்தேன். கட்டைவிரலால் அதைத் தலையிலிருந்து நுனிவரை தடவினார்.

"இத்துனூண்டா?" என்றார். நுனியில் விரல் நின்றது. "இங்க என்னமோ நெருடுது."

"அது என் அடையாளம்மா. மூணு புள்ளி."

விரல்களை மூடிக்கொண்டார். என் பக்கம் திரும்பவில்லை. நிலைப்படியை நோக்கி, அன்றாட வேலை ஒன்றைச் சொல்வதுபோல் சொன்னார்:

"லிங்கம். உள்ள போய் வெளக்க ஏத்துய்யா."

அவருக்கு மூன்று தீக்குச்சிகள் அணைந்தன. நான்காவது பற்றியது.

எனக்கு அந்த வீட்டில் தண்ணீர் தரப்படவில்லை, நான் எதிர்பார்க்கவுமில்லை. புதிய கட்டையைப் புதிய திருகாணியால், நீளம் குறைத்து, பூட்டிக் கொடுத்தேன். எரிக்கச் சொன்ன பழைய கட்டையைச் சிவலிங்கம் கேட்டு வாங்கிச் சென்றார். தந்தையார் ஏன் அந்தத் துப்பாக்கியை விடாமல் வைத்திருந்தார் என்று அவர் பிறகும் என்னிடம் கேட்டதுண்டு. மகன் சொன்னதைத் தந்தையார் ஒருவேளை நம்பியிருக்கலாம். திருகாணியைக் கழற்றிப் பார்க்கத்தான் துணிவு வரவில்லையோ என்னவோ. எனக்குத் தெரியாது.

சுரேஷ் அவர்களே, உங்கள் ஒரு பக்கத்தில் இவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டை மாற்றிய துப்பாக்கியை ஈரம் ஏறிய நாளிலும் ஒருமுறை சோதிக்க வேண்டும். திருகாணியை அளந்து குறைத்த பின்னரே அடையாளம் குத்த வேண்டும். துப்பாக்கி தானாகச் சுடாது என்று வாடிக்கையாளரிடம் சொல்லக்கூடாது.

சாலாக் செலாத்தானில் என் வீட்டுக்குப் பின்னாலும் இரயில் போகிறது. மழை விட்ட பிற்பகல்களில், இரயில் போய் ஓசை அடங்கிய பின், அலமாரிப் பக்கமிருந்து அந்தச் சத்தம் கேட்கிறது. என் வீட்டில் துப்பாக்கி இருந்ததில்லை. "காலி" என்று சொல்கிறேன். சொல்லிவிட்டு ஒரு கணம் நிற்கிறேன்.

திருகாணி என்னிடம் இல்லை. அன்று நான் விடைபெற்றபோது அம்மாவின் கை மூடியபடியே இருந்தது. அதைத் திரும்பக் கேட்க எனக்கு உரிமை இல்லை.